ஞாயிற்றுக்கிழமை மீன்

முப்பிடாதிக்கு வாரத்தில் தனக்கென்று இருந்தது ஒரு சாயங்காலமும் ஒரு காலைப்பொழுதும்தான். மற்ற ஆறு நாளும் விடியுமுன் எழுந்து, கார்ப்பரேஷன் கொடுத்த பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் துடைப்பத்தோடு நிற்க வேண்டும். மிளகு, சுக்கு மண்டிகளுக்கு லாரிகள் வருவதற்குள் ரோட்டைக் கூட்டி முடித்தாக வேண்டும். மதியம் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் பிடிப்பது, சோறாக்குவது, இரண்டு பையன்களின் துணி துவைப்பது. கணவன் ஆனந்தகுமார் ஒரு சுக்கு மண்டியில் மூட்டை தூக்கினான். வீட்டு வேலையில் கை கொடுக்கிறவன்தான், ஆனால் சாயங்காலம் அவன் முதுகு நிமிராது.

அவளுடைய தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. தாத்தா கார்ப்பரேஷன், அப்பா கார்ப்பரேஷன். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அந்த வேலை முப்பிடாதிக்கு வந்தது. வீட்டில் பேசுவது தமிழ். படித்தது எட்டாம் வகுப்பு வரை, மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள், அதுவும் தேவை வந்தால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எர்ணாகுளம் தேவராவில் ஒரு ஃபிளாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மஞ்சுஷாவின் வீடு. மஞ்சுஷா ஆசையாகக் கரிமீன் வாங்கி வருவாள், அதன் செதிலை எடுக்கத் தெரியாமல் முப்பிடாதி வரும்வரை ஃபிரிட்ஜில் வைத்திருப்பாள். இது தெரிந்து பக்கத்து ஃபிளாட்டுக்காரி ஒருத்தி மீனோடு வந்து நின்றாள். பிறகு மேல் மாடியிலிருந்து ஒருத்தி. ஒரு ஞாயிறு அந்தக் கட்டடத்திலேயே ஏழு வீட்டு மீனை அவள் சுத்தம் செய்தாள். எல்லா மீனும் பழசு. கண் வெளுத்து, வயிறு இளகி, கையில் எடுத்தாலே நாறியது.

ஆனந்தகுமாரின் சிநேகிதன் பினு, தோப்பும்படியில் ஐஸ் பிளாண்டில் வேலை செய்கிறவன். அவனுக்குக் கும்பளங்கியில் குடும்பச் சொத்தாக ஒரு மீன்குளம் இருந்தது. காயலிலிருந்து மதகு வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும் குளம். கரிமீனும் இறாலும் நன்றாக விளையும். ஆனால் கரையில் நிற்கும் வியாபாரி வைத்ததுதான் விலை. அதைப் பற்றி அவன் ஒருநாள் அவர்கள் வீட்டில் சாயா குடித்துக்கொண்டே புலம்பியபோது, முப்பிடாதி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"பினு, உன் குளத்துல மீன் உண்டு. தேவராவுல வேணும்னு சொல்றவங்க உண்டு. நடுவுல யாராச்சும் நடந்தாப் போதும்."

அப்படி ஆரம்பித்தது, இரண்டாயிரமாவது ஆண்டு. பினுவுக்கும் விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். அதனால் தொழிலும் ஞாயிறு மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் முப்பிடாதி தெருமுனைப் பலசரக்குக் கடையில் போன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஃபிளாட்டுக்காரர்கள் சொல்லும் ஆர்டரை வாங்குவாள். ஞாயிறு விடியற்காலை, வீட்டு வேலைக்குப் பதிலாக, கும்பளங்கிக்குப் போவாள். பினுவும் அவன் தம்பி அஜீஷும் மீனைப் பிடித்துக் கரையில் போடுவார்கள். அவளும் பினுவின் மனைவி ஃபிலோமினாவும் செதில் எடுத்து, குடல் நீக்கி, கழுவி, ஐஸில் அடுக்குவார்கள். அஜீஷிடம் சரக்கு ஆட்டோ இருந்தது. தோப்பும்படிப் பாலம் தாண்டி எர்ணாகுளம் போய், மதியச் சமையலுக்கு முன்னால் எல்லாக் கதவையும் தட்டி முடித்துவிட வேண்டும்.

முதல் ஞாயிறு நாலு வீடு. அந்த வருஷம் முடிவதற்குள் பத்து வீடு. புதன்கிழமையும் கொண்டுவர முடியுமா என்று கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஐஸ் பிளாண்ட் வேலையை விட்டுவிடட்டுமா என்று பினு கேட்டபோதும் வேண்டாம் என்றாள். இருக்கிற நேரத்துக்குள் எது முடியுமோ அது போதும் என்பது அவள் கணக்கு. நேரம் போதாமல் போனால் வேலையை மாற்றினாள். அஜீஷின் வண்டி எந்தக் கட்டடத்துக்கு முதலில் போவது, எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது, எந்த வீட்டில் கதவு திறக்க நேரமாகும் எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஃபிலோமினா அவளைவிட வேகமானவள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பார்க்காமலே கரிமீனைச் சுரண்டுவாள். இரண்டு பேரும் எதிரெதிரே குந்தியிருந்து வேலை பார்த்த அந்த விடியல்கள்தான் வாரம் முழுவதிலும் தனக்குப் பிடித்தவை என்று முப்பிடாதி பின்னால் கணவனிடம் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் ஒரு தடங்கல் வந்தது. மீனாக்ஷி என்ற ரிட்டயரான டீச்சர், பனம்பிள்ளி நகரில் வாடிக்கைக்காரி, ஏதோ வேலையாக மட்டாஞ்சேரிக்கு வந்தவர், பச்சைக் கோட்டோடு சாக்கடை ஓரம் கூட்டிக்கொண்டிருந்த முப்பிடாதியைப் பார்த்துவிட்டார். அந்த ஞாயிறு கதவைத் திறக்கவில்லை. உள்ளே நடமாட்டம் கேட்டது. முப்பிடாதி சுத்தம் செய்த மீனை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது அவளுக்கு. அடுத்த ஞாயிறு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவளே சொன்னாள், நான் கார்ப்பரேஷனில் ரோடு கூட்டுகிறவள், தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்று. மூன்று வீடு நின்றுபோனது. மற்ற வீடுகளில், அதனால் என்ன என்றார்கள், அல்லது சரி என்று தலையாட்டினார்கள். மஞ்சுஷா மட்டும் அவளை உள்ளே கூப்பிட்டு சாயா கொடுத்தாள். எங்கள் ஆபீசில் இதற்கு ஸ்டார்ட்டப் என்று பெயர், பெரிய பெரிய ஆட்களெல்லாம் வேலையை விடாமல் இப்படித்தான் தொடங்குவார்கள் என்றாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற விஷயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முப்பிடாதி சிரித்தாள்.

இரண்டாயிரத்து நாலில் வீடுகள் முப்பதைத் தாண்டின. கையில் ஒரு மொபைல் வந்திருந்தது. பெட்டிகளின் மேல் அஜீஷ் பெயின்டில் 'சண்டே மீன்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தான்.

ஃபிலோமினாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. மகள் அன்னா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைக்காது என்றிருந்த நிலையில், வேளாங்கண்ணிக்கு வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். அன்னாவுக்கு இப்போது ஏழு வயது. பினுவுக்கு ஞாயிறு ஒழியாததால் அது தள்ளிக்கொண்டே போயிற்று. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. தெருவில் ஒரு கூட்டம் வேன் பிடித்து, கிறிஸ்துமஸ் சாப்பாடு முடிந்ததும் கிளம்புவதாக இருந்தார்கள். கிறிஸ்துமஸ் நோன்பு முடிந்த மறுநாள், ஆர்டர் மிகுந்து வரும் ஞாயிறு, எப்படிப் போவது என்று பினு தயங்கினான்.

முப்பிடாதிதான் சொன்னாள். "ஒரு ஞாயிறு நான் பாத்துக்கிறேன். அவளைக் கூட்டிட்டுப் போய்ட்டு வா."

ஃபிலோமினா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய் அவளுக்கு ஒரு சுடிதார் எடுத்தார்கள். மஞ்சளில் கறுப்புப் பூ போட்டது. முப்பிடாதி தேர்ந்தெடுத்தது.

அந்த ஞாயிறு பௌர்ணமி. காயல் நீர் வற்றும் வேலியிறக்கம் நன்றாக இருந்தது. மதகில் கட்டிய வலையில் மீன் குவிந்தது. ஃபிலோமினா இல்லாததால் முப்பிடாதி ஒண்டியாகச் சுத்தம் செய்தாள், விரலெல்லாம் முள் கீறியது. வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வண்டி பாலம் தாண்டியது.

கடவந்திராவில் முதல் வீட்டில் யாரோ போனில், மெட்ராசில் காலையில் நில நடுக்கமாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மீனைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். மூன்றாவது கட்டடத்தில் ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த பையன் பெட்டியை வாங்கும்போதும் திரும்பி டிவியையே பார்த்தான். மெரினாவில் கடல் ரோட்டுக்கு வந்துவிட்டதாம் என்று அவளிடம் சொன்னான். கடல் எப்படி ரோட்டுக்கு வரும் என்று அவளுக்குப் புரியவில்லை. மழையாக இருக்கும் என்று நினைத்தாள்.

பனம்பிள்ளி நகருக்குப் போனபோது எல்லா ஃபிளாட்டிலிருந்தும் டிவிச் சத்தம் ஒரே போலக் கேட்டது. கடலூர், நாகப்பட்டினம் என்று தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களாகக் காதில் விழுந்தன. நாகப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் பெட்டியை வாங்கின அம்மாள் பணம் கொடுக்க மறந்து கதவைச் சாத்திவிட்டார். அவளும் கேட்காமல் வந்துவிட்டாள்.

தேவராவில் மஞ்சுஷாவின் வீடு கடைசிக்கு முந்தினது. மஞ்சுஷா கதவைத் திறந்தாள்.

"சேச்சி, பினுச்சேட்டன் வேளாங்கண்ணிக்குத்தானே போனது?"

"ஆமா. ஏன்?"

மஞ்சுஷா வழிவிட்டு நின்றாள். முப்பிடாதி வாசலில் நின்றபடியே டிவியைப் பார்த்தாள். மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. அதன் கீழே சேறும் மரக்கட்டைகளும், கட்டைகளுக்கு நடுவில் துணி மூடிக் கிடந்தவையும். கீழே ஓடின எழுத்தில் ஒரு எண்ணிக்கை வந்தது. சற்று நேரத்தில் அது மாறியது.

அவள் கையில் இருந்த பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி மஞ்சுஷாவின் வாசலில் தேங்கியது. அவள் அதைப் பார்த்தாள். குனிந்து முந்தானையால் துடைத்தாள். பிறகு பெட்டியைக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனாள். கடைசி வீட்டுக்கும் மீனைக் கொடுத்தாள். அந்த வீட்டில் என்ன பேசினாள் என்று அவளுக்குக் கடைசிவரை நினைவு வரவில்லை.

கீழே வண்டியில் அஜீஷ் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பினுவின் நம்பர் அடிக்கவே இல்லை. வேனில் போன மற்ற யாருடைய நம்பரும் அடிக்கவில்லை. பாலத்தில் போலீஸ் நின்று வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டது. வைப்பின் தீவுப் பக்கம் எடவனக்காட்டில் கடல் ஏறிவிட்டதாகவும் ஆட்கள் இறந்துபோனதாகவும் சொன்னார்கள். சுனாமி என்கிற சொல்லை அன்று சாயங்காலம்தான் அவர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள்.

அன்றிரவே அவளும் அஜீஷும் பஸ் ஏறினார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டாள் என்று ஆபீசில் சொல்ல ஆனந்தகுமார் போனான். இந்தத் தொழிலின் கூட்டாளிகளுக்காக அவள் கார்ப்பரேஷன் வேலைக்குப் போகாமல் செலவழித்த முதல் நாட்கள் அவைதான். வழி முழுக்க அவள் கையில் மீன் வாடை இருந்தது. எங்கேயோ இறங்கி சோப்பு வாங்கிக் கழுவினாள், போகவில்லை.

அன்னா உயிரோடு இருந்தாள். நடு இரவில் போய்ச் சேர்ந்த அசதியில் லாட்ஜ் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவளை, வேனில் வந்த ஒரு பக்கத்துவீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, பினுவும் ஃபிலோமினாவும் காலைப் பூசை முடிந்து கடலில் கால் நனைக்கப் போயிருக்கிறார்கள். அன்னாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மம்மி கடலுக்குப் போயிருக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அஜீஷ் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பினு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பது செவ்வாய்க்கிழமை காலை தெரிந்தது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஃபிலோமினாவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

கோயில் பக்கத்தில் ஒரு பந்தலில் போட்டோக்களை ஒட்டியிருந்தார்கள். உடல்களை வைத்திருக்க முடியாமல் அடக்கம் செய்வதற்கு முன் எடுத்த போட்டோக்கள். முப்பிடாதி போய் நின்றாள். ஒவ்வொரு போட்டோவின் கீழும் ஒரு காகிதம் ஒட்டி, தமிழில் ஏதோ எழுதியிருந்தது. பெயராக இருக்கும் என்று நினைத்து அவள் முதல் காகிதத்தை எழுத்துக்கூட்டினாள். அ, டை, யா, ள, ம். அடையாளம். அடுத்த சொல்லுக்கு இன்னும் நேரமானது. அடையாளம் தெரியாத பெண். இரண்டாவது காகிதத்தையும் அப்படியே கூட்டத் தொடங்கினாள். பாதியில்தான் உறைத்தது, அதுவும் இதே எழுத்துகள். அதற்கடுத்ததும் இதே எழுத்துகள். அந்தப் பந்தல் முழுக்க ஒரே வாசகம்தான்.

பின்னால் நின்ற ஒரு தொண்டர், யாரைத் தேடுறீங்கம்மா, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, மலையாளமா என்றார். தமிழ்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஆமாம் என்றாள்.

ஃபிலோமினா நாலாவது வரிசையில் இருந்தாள். முகத்தை வைத்து அவளால் சொல்லியிருக்க முடியாது. மஞ்சள் சுடிதாரில் கறுப்புப் பூக்கள் தெரிந்தன. முப்பிடாதி அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கடையில் இதற்குப் பக்கத்தில் ஒரு நீலத் துணி இருந்ததே, அதை எடுத்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்காக அவள் தன்மேலேயே பயந்தாள். தொண்டர் அவளை அழைத்துக்கொண்டுபோய், கடலை விட்டுத் தள்ளி நீளமாக மண் குவித்த ஓர் இடத்தைக் காட்டினார். யார் எங்கே என்று சொல்ல அவருக்கும் முடியவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் இடமில்லாமல் வராண்டாவில் பாய் போட்டிருந்தது. பினு அவளைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"சேச்சி, அவளைக் கண்டோ?"

"கண்டேன்."

"எவிடே?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போட்டோவுல, பினு."

அவன் கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்பது போல. பிறகு அன்னா சாப்பிட்டாளா என்று கேட்டான். சாப்பிட்டாள் என்றாள். திரும்பவும் அதையே கேட்டான். திரும்பவும் சொன்னாள். கையைப் பிடித்திருந்தேன் சேச்சி, பிடித்தபடியேதான் இருந்தேன், பிறகு பார்த்தால் என் கையில் இல்லை என்று அவன் சொன்னது பல நாள் கழித்து, கும்பளங்கியில் வைத்து.

ஜனவரியில் யாரும் மீன் சாப்பிடவில்லை. கடல் மீன் பிணத்தைத் தின்றது என்று ஊர் முழுக்கப் பேச்சு. குளத்து மீன் என்று தெரிந்தவர்களும் வேண்டாம் என்றார்கள். முப்பிடாதிக்கு வந்த போன்கள் எல்லாம், கொஞ்ச நாள் போகட்டும் என்கிற போன்கள். கொண்டுவருவதாக அவளும் சொல்லவில்லை. ஒருநாள் ஆனந்தகுமார் தெரியாமல் கொஞ்சம் மத்தி வாங்கி வந்துவிட்டான். அவள் கத்தியை எடுத்தாள், திரும்பக் கீழே வைத்தாள், மீனோடு பாத்திரத்தை வெளியே வைத்துவிட்டாள். ஏட்டி, நான் பாத்துக்கிறேன் என்று அவனே போய் அதை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவளுக்குத் தானாக விழிப்பு வந்தது. சில வாரம் எழுந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு பஸ் பிடித்துக் கும்பளங்கிக்குப் போனாள். அன்னாவைக் குளிக்கவைத்து, தலை பின்னி, பூசைக்கு அனுப்பினாள். பினுவின் துணியைத் துவைத்து, கஞ்சி வைத்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு குளத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பான். மதகு பலகை போட்டபடி கிடந்தது. குளத்தில் பாசி படர்ந்தது. விற்றுவிடலாம் என்றான் அஜீஷ். பினு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்படியே, ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் வந்து போனது.

ஓணம் முடிந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு பினுவிடமிருந்து போன் வந்தது.

"சேச்சி, மதகு திறந்திட்டுண்டு. நாளைக்குக் கரிமீன் கிட்டும்." அவனே சேர்த்துச் சொன்னான். "வேண்டாம்னா விட்டுடலாம்."

வருகிறேன் என்று தன் குரல் சொல்வதை அவள் கேட்டாள்.

விடியலில் போனபோது பினு முறிந்து கூடின காலோடு மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். அவளைப் பார்த்துத் தலையாட்டினான். கரைக்கு வந்து, ஃபிலோமினா உட்காரும் இடத்தில் அவனே உட்கார்ந்து ஒரு கரிமீனை எடுத்தான். மீன் ஆயத் தெரியவே இல்லை அவனுக்கு. செதிலை வாலிலிருந்து எடுக்கவேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. முப்பிடாதி மூன்றாவது மீனில் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாசல் மணியை அவளால் அழுத்த முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அஜீஷ்தான் ஏறி வந்து அழுத்தினான்.

அதற்குப் பிறகு 'சண்டே மீன்' வளரவில்லை. வளர்க்க அவர்கள் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு வீடு, சில மாதம் பத்து வீடு. அஜீஷ் இரண்டாயிரத்து ஏழில் தனியாகக் கடவந்திராவில் கடை போட்டான். ஏழு நாளும் நடக்கிற கடை, இரண்டு பேரை வேலைக்கு வைத்தான். என் கடைக்கு வந்துவிடு என்று முப்பிடாதியைக் கூப்பிட்டான். அவள் கார்ப்பரேஷன் வேலையை விடவில்லை, ஞாயிறையும் விடவில்லை. வண்டிக்கு மட்டும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

எப்போதாவது ஒரு சனிக்கிழமை பினு போன் பண்ணி, நாளைக்கு முடியாது சேச்சி என்பான். குளத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும் நாள் அது என்று அவளுக்குப் புரியும். அவள் உடனே எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, இந்த ஞாயிறு மீன் இல்லை என்பாள். சரி என்று வைப்பவர்கள் உண்டு. ஏன் இல்லை, எங்களுக்கு விருந்தாளி வருகிறார்களே என்று குடைகிறவர்களும் உண்டு. குடைகிற வீடுகளுக்கு அடுத்த வாரமும் அவள் கொண்டுபோவதில்லை.